குட்டை வெட்ட முதல் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. கும்புறுப்பிட்டியில் எனக்கு இரண்டு துண்டுக் காணி இருக்கிறது. கடற்கரைப் பக்கம் முக்கால் ஏக்கர் மணல் தரை. தென்னையும் வெங்காயமும் வைத்திருக்கிறேன், சின்னக் கிணறு ஒன்று உண்டு. றோட்டுக்கு மேற்கே காட்டோரமாக இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டுநிலம். மழையை நம்பிக் கச்சானும் மிளகாயும் போடுகிறேன். மார்கழியில் மண்ணெல்லாம் அள்ளுண்டு போகிறது, மாசி பிறந்தால் பயிர் வாடுகிறது. வவுனியாவில் மச்சான் குட்டை வெட்டி நன்றாக இருக்கிறார். நானும் இரண்டு காணியிலும் வெட்டினால் சிறுபோகமும் செய்யலாமா? மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் பேசி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, பெக்கோக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மணல் காணியில் குட்டை வேண்டாம். செம்மண் காணியில் வெட்டலாம், ஆனால் வரம்பு போட்ட பிறகு. மச்சானின் குட்டை அவருடைய மண்ணுக்குச் சரி. அதே அளவை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

திருகோணமலைக்கு வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. குறைவான மழை என்று சொல்ல முடியாது. ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் அதில் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுவதும், பிறகு தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதும்தான் நம் கஷ்டம்.

முதலில் மணல் காணி. அங்கே பெய்கிற மழை ஓடுவதில்லை, நேரே கீழே இறங்கிவிடுகிறது. இறங்கிய நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. உங்கள் கிணற்றில் நீங்கள் அள்ளுவது அதைத்தான். குட்டை வெட்டினால் அந்த நன்னீரை வெயிலுக்குத் திறந்து காட்டுகிறீர்கள், ஆழமாக வெட்டினால் உப்புக்குக் கிட்டவும் போகிறீர்கள். நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் நாற்பது அடி வரை மேலேறப் பார்க்கும் என்பது கரையோரக் கிணறுகளுக்கான பொதுக் கணக்கு. அதனால் நீர்ப்பம்பியை ஒரே மூச்சில் மணிக்கணக்காக ஓட விடாதீர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். வெங்காயப் பாத்திக்கு மக்கிய எருவும் கூட்டெருவும் தாராளமாகப் போடுங்கள். மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்க வேறு ஆள் இல்லை. தென்னைக்குப் பொச்சுமட்டை புதையுங்கள். மரத்தடி வட்டப் பாத்திக்கு வெளியே குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, இடையிடையே மண் போட்டு மூடினால் மழைநீரை அது நெடுநாள் வைத்திருக்கும். இந்தக் காணிக்கு இவ்வளவு போதும்.

செம்மண் காணிதான் உண்மையில் கவனம் கேட்கிறது. இந்தச் செங்கபில மண் காய்ந்தால் கல்லாகிறது, நனைந்தால் சேறாகிறது. முதல் இரண்டு பலத்த மழையிலேயே மேல்மண் அடைத்துக்கொண்டு தோல் கட்டிவிடும். பிறகு பெய்வதெல்லாம் மேலால் ஓடும், மண்ணையும் சேர்த்து இழுத்துப் போகும். மார்கழி வெள்ளத்துக்கும் மாசி வாட்டத்துக்கும் முக்கிய காரணம் இதுதான்.

ஆகவே புரட்டாசி முடியும் முன் சரிவுக்குக் குறுக்கே வரம்பு போடுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கிற ஒளிபுகும் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்தால் போதும், பெரிய கருவி தேவையில்லை. சரிவு லேசாக இருந்தால் 15 முதல் 20 மீற்றருக்கு ஒரு வரம்பு. அடியில் மூன்று அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மிளகாய்க்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதனால் வரம்பைச் சரி மட்டமாகப் போடாமல், காணியின் தாழ்ந்த மூலையைப் பார்த்து நூறு அடிக்கு அரை அடி இறக்கமாக விடுங்கள். வரம்பில் கிளிசரிடியா நடுங்கள். வெட்டுகிற தழையை மிளகாய் அடியில் பரப்பினால் மண் தோல் கட்டாது. கச்சான் வரிசையையும் வரம்போடு சேர்த்தே போடுங்கள். மேலிருந்து கீழாக உழுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் குட்டை. வரம்பு வழியே மிச்சத் தண்ணீர் வந்து சேர்கிற அந்தத் தாழ்ந்த மூலைதான் அதற்கு இடம். வெட்ட முதல், அங்கே இரண்டு அடிக் குழி ஒன்று தோண்டி, பின்னேரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, விடிய எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அடிமண்ணை ஈரத்தோடு உருட்டினால் வெடிக்காமல் உருண்டை நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இனிக் கணக்கு. மேலே 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம், பக்கங்கள் சரிவு என்று வெட்டினால் ஏறத்தாழ 120,000 லீற்றர் பிடிக்கும். 50 மில்லிமீற்றர் மழை ஒன்றுக்கு உங்கள் இரண்டு ஏக்கரில் விழுவது 400,000 லீற்றர். அதில் ஐந்தில் ஒன்று ஓடி வந்தாலே 80,000 லீற்றர், இரண்டு மழையில் குட்டை நிரம்பிவிடும். நிரப்புவது பிரச்சினையே இல்லை. ஆனால் வெயில் நாளில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியாகும், ஊறலும் இருக்கும். மிஞ்சுவது 80,000 லீற்றர் என்று வைத்தால், கால் ஏக்கர் மிளகாய்க்கு 20 மில்லிமீற்றர் வீதம் நாலு தடவை பாய்ச்சலாம். அவ்வளவுதான். மாசியில் காய் பிடிக்கிற பயிரைக் காப்பாற்ற அது பெரிய உதவி. சிறுபோகம் செய்ய அது காணாது. இதைத் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

வழிந்தோட ஒரு வாய் கட்டாயம் வையுங்கள், கல் பதித்து. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே, உங்கள் பக்கமாகத்தான் கரையேறியது. அப்படி ஒரு மழைக்கு வாய் இல்லாத குட்டை கரையோடு போய்விடும். வழிகிற தண்ணீர் பக்கத்துக் காணிக்குள் போகாமலும் பாருங்கள். பிள்ளைகள் இருக்கிற இடமென்றால் வேலி முக்கியம்.

உங்கள் கமநல சேவை நிலையத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் முதலே சொல்லிவிட்டு ஒரு தரம் காணியைக் காட்டுங்கள். குழியில் விட்ட தண்ணீர் விடிய எத்தனை அங்குலம் இறங்கியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்துத்தான் அடியில் களி பூசுவதா, பொலித்தீன் விரிப்பதா, ஒன்றும் வேண்டாமா என்று சொல்லலாம்.