‘நானே கடவுள்’ என்று இயேசு எங்கே சொன்னார்?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ‘இயேசு தன்னைக் கடவுள் என்று சொல்லவே இல்லை, 325-ல் நிசேயாவில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டி, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் அவரைக் கடவுளாக்கினார்’ என்று ஒரு மாணவன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறான். எப்படி விளக்குவது?

பதில்: ‘நானே கடவுள்’ என்ற வாக்கியம் நான்கு சுவிசேஷங்களிலும் அப்படியே கிடையாது. பையன் சொல்வதில் அவ்வளவு சரி, முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். உடனே ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’ என்கிற யோவான் 10:30-ஐ எடுத்து நீட்ட வேண்டாம். யோவான் பிந்தி எழுதப்பட்டது என்று அதற்கும் வீடியோவில் பதில் இருந்திருக்கும். நான்கில் பழமையானதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மாற்குவிலிருந்தே தொடங்குங்கள்.

14-ஆம் அதிகாரம், இரவு விசாரணை. ‘நீ மேசியாவா?’ என்று பிரதான ஆசாரியன் கேட்கிறான். தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா வருவார் என்று யூதர்கள் காத்திருந்த காலம் அது. ‘ஆம்’ என்றதோடு விட்டிருந்தால் ரோமருக்கு எதிரான அரசியல் குற்றமாக முடிந்திருக்கும். இயேசு அதோடு விடவில்லை. மனுஷகுமாரன் (தம்மைக் குறிக்க அவர் பயன்படுத்திய பெயர்) தேவனுடைய வலதுபுறத்தில் வீற்றிருப்பதையும் மேகங்களோடு வருவதையும் காண்பீர்கள் என்கிறார். முதல் பாதி சங்கீதம் 110, அடுத்தது தானியேல் 7. தானியேலில் மேகங்களோடு வருகிறவரைச் சகல ஜாதிகளும் சேவிக்கிறார்கள், அவருடைய ஆளுகைக்கு முடிவில்லை. மேகத்தை ரதமாக்குகிறவர் கர்த்தர் என்கிறது சங்கீதம் 104. பிரதான ஆசாரியன் உடையைக் கிழித்துக்கொண்டு ‘தேவதூஷணம்’ என்கிறான். அங்கே யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

அப்புறம் கான்ஸ்டன்டைன். அவர் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே, கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அதற்கும் முந்தியது பவுலின் பிலிப்பியர் நிருபம். ‘முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்’ என்று ஏசாயா 45-ல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்னதை, பவுல் இயேசுவின் நாமத்துக்குச் சூட்டுகிறார். ஏசாயா 45:23, பிலிப்பியர் 2:10 இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

நிசேயாவில் நடந்தது வேறு சண்டை. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுவும் குமாரனாகிய இயேசுவை உயர்வாகவே வைத்தார். ஆனால் குமாரன் படைக்கப்பட்டவர் என்றார். இல்லை, பிதாவின் அதே தன்மையுள்ளவர் என்றது சங்கம். இதில் வேடிக்கை, நிசேயாவின் முடிவுக்காகப் போராடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவைப் பிற்பாடு நாடு கடத்தியதே கான்ஸ்டன்டைன்தான். 337-ல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் ஆரியுவின் ஆதரவாளரான ஒரு ஆயர்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் இயேசுவை வழிபட்டார்கள் என்பதை வரலாறு காட்டும். அவர் கடவுள்தானா என்பது விசுவாசம். இரண்டையும் குழப்பினால் அடுத்த வீடியோவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த வாரம் அவன் மாற்கு 13:32-ஐக் கொண்டுவரலாம்: மனுஷகுமாரன் திரும்பி வரும் அந்த நாழிகை குமாரனுக்கும் தெரியாது என்கிற வசனம். மழுப்ப வேண்டாம். மெய்யான மனிதராக அந்த வரம்பையும் ஏற்றுக்கொண்டார் என்று விளக்குகிறவர்கள் திருச்சபையில் உண்டு. அதற்கு, தேவனுடைய ரூபமாயிருந்தும் அவர் தம்மைத் தாழ்த்தி மனிதரானார் என்கிற பிலிப்பியர் 2:6-8-ஐச் சேர்த்து வாசியுங்கள்.