பவுலின் சீடர் பெயரில்: கடிதம்

வணக்கம் ஐயா,

என்னுடன் வேலை பார்க்கும் பெந்தெகொஸ்தே நண்பர், "உங்கள் கத்தோலிக்க இறையியலில் பாதி அரிஸ்டாட்டில், மீதி பிளேட்டோ. இதில் வேதம் எங்கே?" என்று அடிக்கடி கேட்கிறார். நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவன், அவ்வளவுதான். அவர் சொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரிஸ்டாட்டிலைப் பெரிய குற்றவாளியாக்க முடியாது. அவர் எல்லோரும் பார்க்க, சண்டைக்கு நடுவே வந்தவர். 1210இல் பாரிஸில் அவருடைய இயற்கைத் தத்துவ நூல்களைக் கற்பிக்கத் தடை. 1255இல் அங்கேயே அவை பாடத்திட்டம். 1277இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டிக்கிறார், அவற்றில் பல அரிஸ்டாட்டிலை ஒட்டியவை.

சத்தமில்லாமல் உள்ளே வந்தவர் புரோக்ளஸ். ஏதென்ஸில் பிளேட்டோ மரபைக் கற்பித்தவர், கிரேக்கத் தெய்வங்களைக் கடைசிவரை விடாதவர். 485இல் இறந்தார். அவருடைய நூல்களைக் கரைத்துக் குடித்த ஒரு கிறிஸ்தவர் தன் நூல்களுக்குச் சொந்தப் பெயரைப் போடவில்லை. திருத்தூதர் பணிகள் 17இல் பவுலின் பேச்சைக் கேட்டு நம்பிக்கை கொண்ட தியோனிசியுவின் பெயரைப் போட்டார். பவுலின் சீடரே எழுதியது என்றால் யார் எதிர்த்துப் பேசுவார்?

532இல் கான்ஸ்டாண்டிநோபிள் விவாதமொன்றில் ஒரு தரப்பு இந்நூல்களைச் சான்று காட்டியது. இவை அவ்வளவு பழையவை என்றால் முந்தைய திருச்சபைத் தந்தையரான அத்தனாசியாருக்கும் சிரிலுக்கும் எப்படித் தெரியாமல் போயின என்று எபேசு ஆயர் ஹிப்பாத்தியுஸ் கேட்டார். அருமையான கேள்வி, ஆனால் எடுபடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த விவாதத்தைக் கூட்டிய பேரரசர் ஜஸ்டினியன்தான் 529இல் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பதை நிறுத்தியவர்.

வானதூதர்களை மும்மூன்றாக ஒன்பது அணிகளாக அடுக்குவது இந்த நூல்களிலிருந்து வந்தது. கடவுள் இன்னதல்ல என்று மறுத்துச் சொல்வதே மேலான பேச்சு என்ற எண்ணத்துக்கு மேற்கில் வலு கொடுத்தவையும் இவையே. கத்தோலிக்க இறையியலின் பெரிய ஆசிரியரான தாமஸ் அக்குவினாஸ் தியோனிசியுவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டுகிறார். அரிஸ்டாட்டிலுடையது என்று நம்பப்பட்ட ஒரு நூல் உண்மையில் புரோக்ளஸைச் சுருக்கியது என்று கண்டுபிடித்தவரும் அக்குவினாஸ்தான். அவருக்கே தியோனிசியு மேல் சந்தேகம் வரவில்லை! 1895இல்தான் இரண்டு ஜெர்மன் அறிஞர்கள், தியோனிசியு நூலில் தீமை பற்றிய பகுதி புரோக்ளஸிடமிருந்து எடுத்தது என்று தனித்தனியாக நிறுவினார்கள். ஒருவர் இயேசு சபைத் துறவி.

இந்த விஷயத்தில் உங்கள் நண்பருக்கு நல்ல துணை உண்டு. தியோனிசியுவிடம் கிறிஸ்தவத்தைவிடப் பிளேட்டோதான் அதிகம் என்று மார்ட்டின் லூதர் 1520லேயே எழுதிவிட்டார்.

எனக்கு லூதரின் கணக்கு பாதிதான் சரியாகப் படுகிறது. புரோக்ளஸின் உலகில் எல்லாவற்றுக்கும் மூலமான 'ஒன்று' உச்சியில் இருக்கும், அதற்குக் கீழே வரிசையாகத் தெய்வங்கள். தியோனிசியு அந்த வரிசையையே காலி செய்துவிட்டார். நன்மை, இருப்பு, வாழ்வு, ஞானம் எல்லாம் தனித்தனித் தெய்வங்கள் அல்ல, ஒரே கடவுளின் பெயர்கள் என்றார். உலகம் அந்தக் கடவுளின் படைப்பு. பிளேட்டோவாதிகளை இவர் இப்படித் திருத்துகிறார் என்று அக்குவினாஸும் குறித்திருக்கிறார். புரோக்ளஸ் இதைப் படித்திருந்தால் தன் மாணவன் எழுதியது என்று ஒப்புக்கொண்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. அடுத்தமுறை நண்பர் அரிஸ்டாட்டிலை இழுத்தால், புரோக்ளஸைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.