27 வயதில் காட்பாடியில் வீடு: இப்போதே வாங்கலாமா?

கேள்வி: வயது 27. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. சத்துவாச்சாரியில் 9,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறேன். காட்பாடியில் 38 லட்சத்துக்கு ஒரு தனி வீடு வந்திருக்கிறது. சேமிப்பு 6 லட்சம். 'வாடகை கட்டுவது வீண், குறையும் பணத்துக்கு அம்மா நகையை அடகு வைக்கலாம்' என்கிறார் அப்பா. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் பண்ணலாம் என்றும் பேச்சு. வீட்டை வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். வாடகையிலேயே இருங்கள்.

அப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் வாடகை வீண் என்பவர்கள் வட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,000. முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஐயாயிரம்கூட இல்லை. மிச்சம் 16,000 ரூபாயில்தான் நகைக்கடன் வட்டி, ராணிப்பேட்டை போய்வரப் பெட்ரோல், நாளைக்கு இரண்டு பேர் சாப்பாடு எல்லாம்.

கையிலிருந்து போடவேண்டிய பணத்தையும் பாருங்கள். கடன் போக 8 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 3.42 லட்சம். இது உங்களுடைய 38 மாத வாடகை! கல்யாணத்துக்குப் பிறகு சென்னைப் பக்கம் போகவேண்டி வந்து வீட்டை விற்றால், பதிவுக்குக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். வரிச்சலுகை உண்டே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே வராது, அதனால் அந்தப் பேச்சு உங்களுக்கு உதவாது.

தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 17,000. சம்பளம் வந்த அன்றே அதை ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போட்டுவிடுங்கள். 3 வருஷத்தில் வட்டி சேராமலே 6.12 லட்சம் ஆகும். நடுவில் நாலைந்து மாதம் கட்டமுடியாமல் போனால், இந்தக் கடன் உங்களுக்குத் தாங்காது என்பது வீடு வாங்காமலே தெரிந்துவிடும். அதற்குள் விலை ஏறிவிடாதா என்று அப்பா கேட்பார். ஏறலாம்தான். உங்கள் சம்பளமும் ஏறும். வருகிற பெண்ணும் வேலைக்குப் போனால் இருவர் வருமானத்தையும் காட்டிக் கடன் கேட்கலாம். அம்மா நகை அம்மாவிடமே இருக்கும்.

காட்பாடிதான் வேண்டும் என்றால், முதலில் அங்கேயே வாடகைக்குப் போய் ஒரு கோடையைக் கழியுங்கள். மே மாதத்தில் குழாயைத் திறந்து பாருங்கள். போர்வெல் எத்தனை அடி, லாரித் தண்ணீர் மாதம் எத்தனை தடவை என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாக்களிடம் கேளுங்கள். பிறகு வாங்கும்போது 30 வருஷ வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, மனை அங்கீகாரம் மூன்றையும் வக்கீல் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பத்தாயிரம்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.