சம்பந்தி வீட்டு பித்தளை அண்டா (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள தம்பிக்கு,

நான் திருச்சிக்காரி. பொண்ணு வீட்டுக்கு மாசசூசெட்ஸ் வந்து நாலு மாசம் ஆச்சு. மாப்பிள்ளை இந்த ஊர் வெள்ளைக்காரர், தங்கமான பையன். பேரனுக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரைஞ்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எங்க பக்கம் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல யாருக்கும் பேரே தெரியல, அதோட நின்னுபோச்சு. சம்பந்தி அம்மா என்னடான்னா பெரிய சுருள் ஒண்ணைக் கொண்டாந்து டேபிள்ல விரிச்சாங்க, பதிமூணு தலைமுறை! உச்சியில, 1620ல இங்கிலாந்துலேர்ந்து இங்க குடியேற வந்தவங்களோட மேஃப்ளவர் கப்பல்ல வந்த ஜான் ஹவ்லண்ட், பக்கத்துல அவர் சம்சாரம் எலிசபெத் கார்வர், அந்தக் குடியேற்றத்தோட முதல் கவர்னர் பொண்ணாம். "நாங்க கவர்னர் வம்சம்"னு பேரன்கிட்ட சொல்றாங்க. சிங்கம் போட்ட கேடயப் படம் வேற. எல்லாம் நெட்ல ஏதோ ஒரு சைட்ல எடுத்ததாம். ஆனா அதே சுருள்ல ஹவ்லண்ட் ஒரு இடத்துல 1672ல செத்திருக்கார், இன்னொரு இடத்துல 1673ல செத்திருக்கார். பழைய ஆவணம் பத்தியெல்லாம் எழுதறீங்களே, இதை நம்பலாமா? தப்புன்னா எங்கேர்ந்து சரி பார்க்கணும்? என் பேரைப் போட வேணாம். சம்பந்தி அம்மா மொழிபெயர்ப்பு போட்டு படிச்சாலும் படிப்பாங்க.

*

அன்புள்ள அக்காவுக்கு,

பேரைப் போடல, கவலைப்படாதீங்க.

ஹவ்லண்ட் நிஜம், கப்பல் நிஜம், கவர்னர் பொண்ணுங்கறது மட்டும் பொய். ஆனா அதை சம்பந்தி அம்மா விட்ட கதைன்னு நினைச்சிடாதீங்க, அந்தக் குடும்பமே ரொம்ப காலம் அப்படித்தான் நம்பிட்டு இருந்தது, மேஃப்ளவர்ல வந்தவங்க குடியேறின பிளைமவுத்துல, ஹவ்லண்டுக்கு இப்ப இருக்கறதுக்கு முந்தி வெச்சிருந்த கல்லறைக் கல்லுலயே அவர் மனைவி கவர்னர் மகள்னு வெட்டியிருந்தாங்க. அது எப்படி உடைஞ்சதுன்னா, பிளைமவுத்தோட ரெண்டாவது கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு கைப்பட ஒரு வரலாறு எழுதி வெச்சிருந்தார், அந்தக் கையெழுத்துப் பிரதி பாஸ்டன்ல ஒரு சர்ச்ல இருந்தது, அமெரிக்க சுதந்திரப் போர் சமயத்துல காணாமப் போச்சு, அப்புறம் பார்த்தா லண்டன் பிஷப்போட ஃபுல்ஹாம் அரண்மனை லைப்ரரியில உக்காந்திருக்கு! 1855ல அடையாளம் கண்டுபிடிச்சு, 1856ல அச்சுல கொண்டுவந்தாங்க. அதுல மேஃப்ளவர்ல வந்தவங்க யார் யார், அவங்கவங்களுக்கு எத்தனை பிள்ளைகள்னு ஒரு பட்டியல் இருக்கு. ஹவ்லண்ட் பத்தி எழுதினதுல ஜான் டில்லியோட பொண்ணு எலிசபெத்தைக் கட்டினார், ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க, பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோட இருக்குன்னு இருக்கு. அவ்வளவுதான், கவர்னர் வம்சம் காலி.

கவர்னர் ஜான் கார்வர் 1621 வசந்தகாலத்துலயே செத்துட்டார், அவர் மனைவி அந்த கோடையில. பிழைச்சிருந்த பிள்ளைன்னு அவங்களுக்கு யாரும் இல்ல. அதனால கார்வர் வம்சம்னு யார் சொன்னாலும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

அப்ப இந்த எலிசபெத் யாரு? இங்கிலாந்துல பெட்ஃபர்ட்ஷயர்ல ஹென்லோன்னு ஒரு ஊர், அங்க 1607 ஆகஸ்ட்ல ஞானஸ்நானம். கப்பல் ஏறும்போது பதிமூணு வயசு. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி எல்லாரோடயும் வந்தவ. முதல் குளிர்காலம் முடியறதுக்குள்ள நாலு பேரும் செத்துப் போயிட்டாங்க. கப்பல்ல வந்த 102 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் அப்படிப் போனவங்கதான். கார்வர் வீட்டுல தான் இந்தப் பொண்ணை சேர்த்துக்கிட்டாங்கன்னு கருதுறாங்க, கவர்னர் பொண்ணுங்கற கதை அங்கேர்ந்து கிளம்பியிருக்கலாம்.

ஹவ்லண்டும் பெரிய ஆள் கிடையாது, அதே கார்வரோட வேலைக்காரர். நடுக்கடல்ல புயல் அடிக்கும்போது மேல் தளத்துக்கு வந்திருக்கார், கப்பல் ஒரு ஆட்டு ஆட்டினதுல தண்ணிக்குள்ள போயிட்டார். பாய்மரக் கயிறு ஒண்ணு வெளிய தொங்கிட்டு கிடந்திருக்கு, அதைப் பிடிச்சவர் பல ஆள் ஆழத்துக்கு தண்ணிக்குள்ள போயும் விடல, அந்தக் கயிற்றோடயே இழுத்து, படகுக் கொக்கியைப் போட்டு மேல ஏத்தினாங்க. இதுவும் பிராட்ஃபோர்டு எழுதினதுதான். அந்தக் கை நழுவியிருந்தா அவர் வம்சத்துல வந்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இல்ல, ரெண்டு புஷ்ஷும் இல்ல, நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் இல்ல, உங்க சுருள் சரியா இருந்தா உங்க மாப்பிள்ளையும் இல்ல. இதுக்கு மேல ஒரு கவர்னர் எதுக்குன்னுதான் எனக்குத் தோணுது.

சரி, 1672, 1673 குழப்பம். அது ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. அப்ப இங்கிலீஷ்காரங்களுக்கு வருஷம் மார்ச் 25ல தான் பிறக்கும், நமக்கு பங்குனி முடிஞ்சாதானே புது வருஷம், அந்த மாதிரி. ஹவ்லண்ட் செத்தது பிப்ரவரி 23. அவங்க கணக்குல இன்னும் 1672, நம்ம கணக்குல 1673. 1752ல தான் ஜனவரிக்கு மாத்தினாங்க. அதனால பழைய தேதியில ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வந்தா ரெண்டு வருஷத்தையும் கோடு போட்டு சேர்த்து எழுதறது வழக்கம். இது தெரியாம சைட்ல ஒருத்தர் ஒண்ணைப் போட, இன்னொருத்தர் மத்ததைப் போட, அப்படியே காப்பி அடிச்சு காப்பி அடிச்சு, சில மரத்துல ஒரே ஆளு ரெண்டு ஆளாவே ஆயிடறார். கேடயப் படத்தை எடுத்துடச் சொல்லுங்க. அந்தச் சின்னமெல்லாம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுக்கறது, ஹவ்லண்டுன்னு பேர் வெச்ச எல்லாருக்கும் சொந்தம் கிடையாது.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான விஷயம், எங்கேர்ந்து பார்க்கறது. எல்லாரும் செய்யற தப்பு மேலேர்ந்து கீழ வர்றது. ஹவ்லண்ட்ல ஆரம்பிச்சு நம்ம வீட்டுக்கு ரோடு போடப் பார்த்தா ரோடு வரத்தான் செய்யும், பத்துப் பிள்ளை, எண்பதுக்கு மேல பேரப்பிள்ளைன்னு இருக்கற ஆளுக்கு எந்த ஊர்லேர்ந்து வேணும்னாலும் ரோடு போடலாம். நீங்க பேரன்லேர்ந்து மேல ஏறுங்க. பேரன் பிறப்புச் சான்றிதழ், மாப்பிள்ளையோடது, சம்பந்தியோடது, அவங்க அப்பாவோடதுன்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம். யார் பிள்ளை யார்னு அந்தக் காகிதம் சொல்லணும், இல்லன்னா அந்தப் படியில நில்லுங்க.

மாசசூசெட்ஸ்ல 1841லேர்ந்து மாநிலம் முழுக்க பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிவு இருக்கு, அதுக்கு முன்னாடியும் ஊர் ஊரா பதிஞ்சு வெச்சிருக்காங்க, அதுல நிறைய ஸ்கேன் ஆகி ஃபேமிலிசர்ச்ங்கற வெப்சைட்ல காசு இல்லாம கிடைக்குது. கஷ்டமே நடுவுலதான். நீங்க போட்டோ அனுப்பின சுருள்ல ஆறாவது, ஏழாவது தலைமுறை நியூயார்க் மாநிலத்துக்கு நகர்ந்திருக்கு பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரு தேதி கூட இல்ல, வெறும் பேர். நான் சந்தேகப்படறது அந்த இடத்தைத்தான். நியூயார்க்ல மாநில அளவுல ஒழுங்கா பதிவு ஆரம்பிச்சதே 1880 வாக்குல. சென்சஸ் 1790லேர்ந்து இருக்கு, ஆனா 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான், மத்தவங்க எல்லாம் இந்த வயசுல ஆண் இத்தனை, பெண் இத்தனைன்னு எண்ணிக்கை. வீட்டுல இருக்கற எல்லார் பேரும் 1850லதான் வருது, யார் யாருக்கு என்ன உறவுன்னு 1880ல. அதனால 1790க்கும் 1850க்கும் நடுவுல பிறந்து வேற ஊருக்குப் போன ஆளைப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

அங்க ரெண்டு விஷயம் கை கொடுக்கும். ஒண்ணு, சுதந்திரப் போர்ல சண்டை போட்டவங்களோட பென்ஷன் ஃபைல். விதவைகள் பென்ஷன் கேட்கும்போது கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் காட்டணும், சர்டிஃபிகேட் எங்க இருக்கும், குடும்ப பைபிள்ல பிள்ளைகள் பிறந்த தேதி எழுதி வெச்ச பக்கத்தை அப்படியே கிழிச்சு அனுப்பிட்டாங்க பாவம். அந்தக் கிழிஞ்ச பக்கங்கள் இன்னைக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. இன்னொண்ணு உயிலும் நிலப் பத்திரமும். அப்பா மகனுக்கு அன்பின் பேர்ல நிலம் எழுதிக் கொடுத்தார்னு ஒரு வரி இருந்தா போதும்.

ஒரே பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஜானோட தம்பிகள்... தம்பியா அண்ணனா அதை விடுங்க, சகோதரங்க ஆர்தர், ஹென்றின்னு ரெண்டு பேர் பின்னாடி வந்தாங்க, ரெண்டு பேர் வழியிலயும் ஹவ்லண்டுகள் ஏகப்பட்ட பேர், அவங்க மேஃப்ளவர் வம்சம் கிடையாது. எலிசபெத்தோட அம்மா ஜோன் ஹர்ஸ்ட் முதல்ல கட்டினவர் பேர் தாமஸ் ராஜர்ஸ். மேஃப்ளவர்லயும் ஒரு தாமஸ் ராஜர்ஸ் வந்தார். ரெண்டும் வேற வேற ஆள்! அப்புறம் அந்தக் கால ஆவணத்துல சீனியர், ஜூனியர்னு போட்டிருந்தா அப்பா பிள்ளைன்னு எடுத்துக்காதீங்க, ஒரே ஊர்ல ஒரே பேர்ல பெரியவர் சின்னவர், அவ்வளவுதான், உறவே இல்லாமலும் இருக்கலாம்.

உயில்னு சொன்னேன்ல, எலிசபெத்தோடது ஒண்ணு இருக்கு, 1686 டிசம்பர்ல எழுதினது. இதை நீங்க ரசிப்பீங்க அக்கா. புருஷன் போனப்பறம் பதினாலு வருஷம் இருந்திருக்கா, கடைசிக் காலத்துல ஸ்வான்ஸீங்கற ஊர்ல மக லிடியா வீட்டுல. நல்ல இறகு மெத்தை, தலையணை, மூணு போர்வை, பச்சைக் கம்பளி, சின்ன அலமாரி, சின்ன பித்தளை அண்டா, சின்ன பைபிள், இருக்கறதுலயே நைஸான விரிப்பு எல்லாம் லிடியாவுக்கு. பெரிய பைபிள் லிடியா புருஷனுக்கு. இன்னொரு மக ஹன்னாவுக்கு ஒரு ஜோடி விரிப்பு, ஒரு ஜோடி தலையணை உறை. கடைசி வரைக்கும் யாரு பார்த்துக்கிட்டாங்கன்னு தனியா சொல்லணுமா என்ன, நம்ம ஊர்ல பாட்டி வளையலைப் பிரிச்ச கதைதான். மகன் ஜேபஸுக்கு பெரிய இரும்புப் பானை, ஜோசப்புக்கு நிறை பார்க்கற தூக்குக்கோல். ஐசக்குக்கு பெரிய பித்தளை அண்டா, அதுலயும் "ஏற்கனவே அவன்கிட்ட இருக்கறது"ன்னு எழுதியிருக்கா. எப்பவோ இரவல் வாங்கிட்டுப் போய் திருப்பித் தராத அண்டா போல! சிரிப்பா இருந்தாலும், இன்னார் இவங்க பிள்ளைன்னு நிரூபிக்க இந்த அண்டாவும் கம்பளியும்தான் இன்னைக்கு சாட்சி, அந்த சிங்கப் படம் இல்ல.

இன்னொரு காகிதம், 1627ல குடியேற்றத்துல இருந்த மாடு ஆடுகளைப் பங்கு போட்ட கணக்கு. மொத்தம் 156 பேரை ஆளுக்கு 13 பேரா 12 குழு பிரிச்சாங்க, கைக்குழந்தை வரைக்கும் எல்லார் பேரும் இருக்கு. நாலாவது குழுவுல ஜான், எலிசபெத், மகன் ஜான், மக டிசையர். அவங்களுக்கு விழுந்தது ஜேக்கப்புங்கற கப்பல்ல வந்த ஒரு கிடேரி, பேரு ராக்ஹார்ன், கந்தல் கொம்புன்னு அர்த்தம். கொம்பு பிய்ஞ்சு போயிருந்திருக்கும்னு நினைக்கிறேன். உங்க பக்கம் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல யார் பேரும் தெரியாதுங்கறீங்க, அங்க நானூறு வருஷத்துக்கு முந்தின கிடேரிக்குப் பேர் தெரியுது.

ஒண்ணு சொல்லாம விட முடியல. பிளைமவுத் இருக்கற இடம் அதுக்கு முன்னாடி பட்டுக்செட், வாம்பனோவாக் மக்களோட ஊர், கப்பல் வர்றதுக்கு சில வருஷம் முன்னாடி கொள்ளைநோய் வந்து ஊரே அழிஞ்சு கிடந்தது. டிசையரோட புருஷன் கேப்டன் ஜான் கோரம் 1675ல அந்த மக்களுக்கு எதிரா நடந்த போருக்குப் போய், அடுத்த வருஷம் காய்ச்சல்ல செத்தார். அந்தப் போர்ல சண்டை போட்டவங்க வாரிசுகளுக்கு பிற்பாடு மெய்ன் பக்கம் நிலம் கொடுத்தாங்க, அங்க ஒரு ஊருக்கே கோரம்னு பேர். வம்சம் தேடறவங்களுக்கு அந்த நிலம் வாங்கினவங்க பட்டியல் தங்கச் சுரங்கம், யார்கிட்டேர்ந்து எடுத்த நிலம்னு அதுல இருக்காது. பேரன் பெரியவனானா இதையும் சொல்லுங்க.

சம்பந்தி அம்மாகிட்ட எப்படி சொல்றது? நீங்க சொல்லவே வேணாம், பொண்ணு வாழற வீடு. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையை கார் எடுக்கச் சொல்லி எல்லாருமா பிளைமவுத் போங்க. ஜேபஸ் வீடு இன்னும் இருக்கு, மியூசியமா வெச்சிருக்காங்க, மேஃப்ளவர்ல வந்தவங்க கால் பட்ட வீடுன்னு அந்த ஊர்ல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்னு சொல்வாங்க. அதைப் பார்த்துட்டு பரியல் ஹில்ங்கற பழைய கல்லறை மேட்டுல ஏறுங்க, முழங்கால் வலி இருந்தா மெதுவா. அங்க ஹவ்லண்டுக்கு இப்ப நிக்கற கல்லுல ஜான் டில்லியோட மகள் எலிசபெத்துன்னு தெளிவா வெட்டியிருக்கு. அவங்களே படிச்சுக்கட்டும், நீங்க பேரனைப் பிடிச்சுக்கிட்டு கடலைப் பார்த்துட்டு நில்லுங்க.

அந்த நியூயார்க் ஆளுங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது காகிதம் மாட்டினா போட்டோ எடுத்து அனுப்புங்க அக்கா, சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
தம்பி