லண்டனில் சிப்ஸ் கேட்டால் ஏன் வேறொன்று வருகிறது?

நீங்கள் கேட்ட சிப்ஸ்தான் வந்தது, ஆனால் பிரிட்டன் கணக்கில். அங்கே சிப்ஸ் என்றால் தடிமனாக நறுக்கிப் பொரித்த சூடான உருளைக்கிழங்கு. உப்பும் வினிகரும் தெளித்து மீனோடு தருவார்கள். பாக்கெட்டில் வரும் மெல்லிய வறுவல் கிறிஸ்ப்ஸ். அமெரிக்காவில் பாக்கெட் வறுவல்தான் சிப்ஸ், பொரித்த துண்டுகள் ஃப்ரைஸ்.

பிஸ்கட் இன்னும் மோசம். பிரிட்டன்காரர் டீயில் முக்கும் பிஸ்கட் அமெரிக்கருக்குக் குக்கி. இன்றைய நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. குக்கி என்ற சொல் அவர்கள் வழியாக வந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிஸ்கட் கேட்டால் மெத்தென்ற உப்பு ரொட்டி வரும், சில இடங்களில் பன்றி இறைச்சித் துணுக்கு போட்ட வெள்ளை கிரேவியில் மூழ்கி. சைவக்காரர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்!

காய்கறிப் பெயர்கள் பக்கத்து வீட்டுக் கடன். சுரைக்காய் இனத்து ஒரு காயை பிரிட்டன் பிரெஞ்சு வழியில் கோர்ஜெட் என்கிறது. அமெரிக்கா இத்தாலியக் குடியேறிகள் வழியில் ஸுக்கினி என்கிறது. கத்தரிக்காய்க்கும் இரண்டு பெயர்: பிரிட்டனில் ஓபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட்.

நம் சமையலுக்கு முக்கியமானது ஒன்று. அமெரிக்கக் கடையில் கோரியாண்டர் என்றால் பெரும்பாலும் தனியாவைத்தான் காட்டுவார்கள். ரசத்துக்குத் தழை வேண்டுமானால் ஸ்பானிஷ் பெயரான சிலான்ட்ரோவைத் தேடுங்கள்.