புழு ஆட்டுக்குள் மட்டும் இல்லை: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, என் ஆடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடற்புழு மருந்து ஊற்றுகிறேன். அப்படியும் மழைக்காலம் வந்தால் நாலைந்து ஆடுகள் மெலிந்துபோய், தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொண்டு நிற்கின்றன. கழிச்சல் எதுவும் இல்லை. மருந்து போலியாக இருக்குமா?

பதில்: போலி மருந்து என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். கழிச்சல் இல்லாமல் சோகையும் தாடை வீக்கமும் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவைத்தான். ஆட்டின் நான்காவது இரைப்பையில் இருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். பெண்புழுவை எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு போவது வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு புழுவால் ஆடு ஒரு நாளில் இழப்பது சுமார் 0.05 மில்லி இரத்தம், கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. பத்து கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே 700 மில்லி அளவில்தான் இரத்தம் ஓடுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால்தான் தாடைக்கடியில் நீர் தேங்குகிறது. கல்லீரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும் என்பதால் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். நீங்கள் மருந்து ஊற்றுவது ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுவுக்கு. ஒரு பெண்புழு தினமும் 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும், அத்தனையும் புழுக்கையோடு தரையில் விழுகிறது. கதகதப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, நனைந்த புல்லில் ஏறிக் காத்திருக்கும். மருந்து குடித்த ஆடு மறுநாளே அதே புல்லை மேய்ந்தால் மூன்றே வாரத்தில் அதன் வயிற்றில் மறுபடி முட்டையிடும் புழுக்கள் தயார். மழைக்குப் பிறகு உங்கள் ஆடுகள் படுப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு, என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான். நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஒரே நாளில் ஊற்றிக்கொண்டே வந்தால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் தப்பிப் பெருகும். உலகம் முழுக்க ஆட்டுப்புழுக்களில் ஆல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் பல இடங்களில் வேலை செய்யாமல் போனது இப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக் கீழ் இமையை இறக்குங்கள், உள்தோல் வெளியே தெரியும். நல்ல பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: நல்ல சிவப்பு என்றால் 1, வெளுத்துப் போயிருந்தால் 5. நாலும் ஐந்தும் வந்த ஆட்டுக்குக் கட்டாயம் மருந்து. மூன்று வந்தால் குட்டி, சினை ஆடு, மெலிந்த ஆடு என்றால் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் இரண்டும் வந்தால் விட்டுவிடலாம். மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளுக்குள்தான் இருக்கும், அந்த ஆடுகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. இந்த அட்டை இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மட்டும்தான், மற்றப் புழுக்களை இதில் பிடிக்க முடியாது.

மருந்து ஊற்றும் அன்றும் பத்துப் பதினான்கு நாள் கழித்தும் புழுக்கை கொடுத்து முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் மந்தையில் வலுவிழந்துவிட்டது. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லி அளவு குறைத்து ஊற்றுவதும் இதே விளைவைத் தரும். வெள்ளாடு பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும், அதனால் செம்மறி அளவை வெள்ளாட்டுக்கு அப்படியே கொடுக்காமல் உங்கள் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். புல்லை அடிவரை மொட்டையாக மேய விடாதீர்கள், இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் இருக்கும். வளர்ந்த மாடுகளை இடையில் அங்கே மேயவிட்டாலும் நல்லது, ஆட்டின் இந்தப் புழு அவற்றின் வயிற்றில் பெரும்பாலும் நிலைக்காது.

கேள்வி: ஒரு மாத நாய்க்குட்டி. தாய்ப்பால் தவிர எதுவும் கொடுத்ததில்லை, வெளியே விட்டதும் இல்லை. நேற்று வாந்தியில் நீளமான வெள்ளைப்புழு வந்தது. எப்படி?

பதில்: தாயிடமிருந்துதான். இந்த உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய் நாயின் தசையில் உறங்கிக் கிடந்து, சினைக்காலத்தில் விழித்துக்கொண்டு, கருவிலேயே குட்டிக்குள் போய்விடும். கொஞ்சம் பால் வழியாகவும் போகும். அதனால் குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே மருந்தைத் தொடங்கி, பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துத்தான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நாயின் மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். அதிலுள்ள முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும், அப்புறம் வருடக்கணக்கில் சாகாது.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. பூனையால் குழந்தைக்கு ஆபத்து, வெளியே விட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: பூனையை விரட்ட வேண்டாம் அம்மா. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைச் சொல்கிறார்கள், ஆபத்து உண்மைதான். ஆனால் பூனை பொதுவாக முதல்முறை தொற்றியபோது ஒன்றிலிருந்து மூன்று வாரம் மட்டுமே அதை மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்தபின் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மலத்தொட்டியை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியும் மண் ஒட்டிய காய்கறியும்கூட இதைக் கொண்டுவரும், அதையும் மறக்காதீர்கள். பூனை வளர்ப்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவையானால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

கேள்வி: நாய்க்கு உண்ணி தாங்கவில்லை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கொஞ்சம் போடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஐவர்மெக்டின் அருமையான மருந்து, அதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காகத்தான் காம்ப்பெல், ஓமுரா என்ற விஞ்ஞானிகளுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மாட்டு மருந்தின் அடர்த்தியில் ஒரு சொட்டு கூடினாலும் சிறிய நாய்க்கு அதிகம். கோலி போன்ற இனங்களில் பல நாய்களுக்கு மரபணுக் குறையால் மருந்து மூளைக்குள் புகுந்து வலிப்பும் மயக்கமும் வந்து உயிரே போகும். நாய்க்கென்று பாதுகாப்பான உண்ணி மருந்துகள் இருக்கின்றன. ஒட்டியிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம், கையால் நசுக்கவும் வேண்டாம். சுவர் விரிசலையும் படுக்கையையும் கவனியுங்கள், இரத்தம் குடித்து விழுந்த ஒரு பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காய்ச்சல், வெளுத்த ஈறு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: காட்டு விலங்குகளுக்கு யார் புழு மருந்து கொடுக்கிறார்கள்? அவை நலமாகத்தானே இருக்கின்றன?

பதில்: பழகிய ஒட்டுண்ணியோடு பெரும்பாலும் நலமாகத்தான் இருக்கின்றன. சூழல் மாறும்போதுதான் கதை மாறுகிறது. 1993இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி புல்வெளியில் கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகள் மேல் உண்ணி மொய்த்தது. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்குள் உண்ணி வழியாகப் பரவும் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி ஏராளமாக ஏறியது. அதே சமயம் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் அந்த வைரஸ் அங்கே ஓசையில்லாமல் வந்துபோயிருக்கிறது, ஆனால் 1994இல் இரண்டும் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்தன, சுமார் ஆயிரம். எனக்கு இதைப் படித்தபோதுதான் ஒட்டுண்ணியைத் தனியாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று உறைத்தது.

கலிபோர்னியா கடலோரத்தில் நீர்நாய்கள் சாவதற்கு, மழைநீரோடு கடலில் கலக்கும் பூனைக்கழிவிலுள்ள அதே டாக்சோபிளாஸ்மாவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்ற விலங்குக்குச் சொறி வந்து தோல் தடித்து, கண்ணே திறக்க முடியாமல் பகலில் அலைந்து சாகிறது. ஐரோப்பியர்களும் அவர்கள் நாய்களும் கொண்டுவந்த, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிதான் காரணம் என்று கருதப்படுகிறது.

காட்டை ஒட்டி நாய் வளர்க்கிறீர்கள் என்றால் டிஸ்டெம்பர் தடுப்பூசியையும் நாடாப்புழு மருந்தையும் தள்ளிப் போடாதீர்கள். ஆடு அறுத்தால் நீர்க்கட்டி உள்ள நுரையீரலையும் கல்லீரலையும் நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுகள், நாய் தின்றால் அதன் குடலில் வளர்ந்து, அது போகும் இடமெல்லாம் முட்டையைப் போட்டுவிட்டு வரும்.