சப்ளையர் காட்டும் சான்றிதழ் மட்டும் போதுமா?

குழந்தைகளுக்கான பருத்தி உடைகளைத் திருப்பூரில் தைத்து வாங்கி விற்கப் போகிறீர்கள். கம்பெனிக்காரர் ஒரு கட்டுச் சான்றிதழ் காட்டுகிறார், இதை வைத்தே முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அங்கே ஒரு பையிங் ஆபீசில், அதாவது வெளி பிராண்டுகளுக்காகத் துணி வாங்கித் தரும் ஆபீசில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை. குழந்தைத் துணிக்கு அவசியம்தான். ஆனால் தைத்தவருக்கு என்ன கூலி, சாயத் தண்ணீர் எங்கே போனது என்று அது பார்ப்பதில்லை. ஆர்கானிக் துணிக்கான ஜிஓடிஎஸ் என்ற சான்றிதழ் இவற்றையும் பார்க்கிறது. அதிலும் சுவரில் மாட்டியிருப்பது கம்பெனிக்கான சான்றிதழ். உங்கள் சரக்கு ஆர்கானிக் பருத்திதானா என்பதற்கு, அந்தச் சரக்குக்கென்றே தரும் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்டைக் கேட்க வேண்டும். அதிலும் புகுந்து விளையாடியிருக்கிறார்கள்: போலி சர்டிபிகேட் வைத்து இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று காட்டப்பட்டதாக 2020இல் ஜிஓடிஎஸ் அமைப்பே அறிவித்தது. கராச்சியில் 2012 செப்டம்பரில் ஒரு ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆலை, தொழிலாளர் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் எஸ்ஏ 8000 சான்றிதழ் வாங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

அதனால் நான் முதலில் போவது சாயப்பட்டறைக்கு. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். அந்த உப்புத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கித்தான், 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது கழிவுநீரை ஆர்ஓ வடிகட்டியில் சுத்தம் செய்து, மிஞ்சும் உப்புநீரையும் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்க வேண்டும், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. இதற்கு விறகும் கரண்டும் ஏராளமாகப் பிடிக்கும். ஆகவே பில்லைப் பாருங்கள். மாதம் எத்தனை கிலோ துணி சாயம் போட்டார்கள், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை லிட்டர் அனுப்பினார்கள்? சொந்த பிளாண்ட் என்றால் விறகு பில் எவ்வளவு? துணி ஏறும்போது இந்தக் கணக்கும் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தண்ணீர் எங்கோ போகிறது.

தையலிலும் அப்படித்தான். ஒரு கம்பெனியைப் பார்க்கப் போனேன். தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, பிஎஃப், இஎஸ்ஐ பதிவேடு, எல்லாம் கச்சிதம். மெஷினை எண்ணினேன், நாற்பது. அவர்கள் அனுப்பிய பீஸ் கணக்குக்கு நூறு மெஷினாவது வேண்டும். சரக்கு எங்கே போகிறது என்று எழுதும் டிசி (டெலிவரி சலான்) புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினால், பாதிக்கு மேல் சரக்கு வெளியே பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் சின்ன யூனிட்டுக்குப் போயிருந்தது. அங்கே பதிவேடு என்று ஒன்றுமே இல்லை, பீஸ் ரேட் மட்டும். மூன்றாவது வாரமாக ராத்திரி ஷிப்டும் பார்ப்பதாக அங்கே தைக்கும் ஒரு அக்கா சொன்னார்.

அந்த ராத்திரி வேலைக்கு நானும் காரணம். டெலிவரி தேதியைப் பத்து நாள் முன்னால் இழுத்தது எங்கள் ஆபீஸ், மெயில் அனுப்பியது நான். அன்றைக்குப் பிறகு, சப்ளையரைச் சோதிக்கும் முன் எங்கள் விலையையும் தேதியையும் சோதிக்கப் பழகினேன். நீங்கள் தரும் விலையில் குறைந்தபட்சக் கூலியும், ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளமும் அடங்குமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. ஒளிவில்லாமல் கணக்குக் காட்டுபவரோடு தொழில் பண்ணலாம்.

அப்புறம் ஆர்டர் எழுதும்போதே, நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் ஒவ்வொன்றும் எந்த யூனிட்டில் என்று பெயர் போட்டு வாங்குங்கள். மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள். நூற்பாலையின் பெயரையும் விடாதீர்கள். சுமங்கலித் திட்டம் என்று இளம்பெண்களை மூன்று வருடம் விடுதியில் அடைத்து வைத்தது பனியன் கம்பெனிகளைவிட அங்கேதான் அதிகம் நடந்தது. சின்ன ஆர்டர்தானே, இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல கம்பெனிகள் டிசி புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார்கள்.